மீனாட்சி சுத்த சைவம்

பயப்படாதீங்க சார்வாள், கடிக்காது. சைவம்.

இல்ல, கூடை ஆடினதும் நீங்க ஜன்னலோரமா ஒதுங்கினீக, அதான் சொன்னேன். நல்லா காலை நீட்டி உக்காருங்க. பூனைதான். பேரு மீனாட்சி. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்டக்டர் ஏத்தவே மாட்டேன்னுட்டான். "பூனை குறுக்க போனாலே ஆகாதும்பாக அண்ணாச்சி, நீங்க வண்டிக்குள்ளயே கொண்டாந்துட்டீகளே"ங்கான். "குறுக்க போனாத்தானப்பா ஆகாது? இவ நம்ம கூட நேரால்லா வாரா"ன்னேன். சிரிச்சுட்டான். சிரிச்சவன் பொறவு எறக்கி விட முடியுமா?

அந்தா, டிரைவருக்குப் பின்னால சீட்ல ரெண்டு பொம்பளைக தலையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டு வாராகள்லா, பச்சைச் சேலை என் வீட்டுக்காரி, கோமதி. கண்ணாடி போட்டவுக ஜெசிந்தா டீச்சர். எங்க அடுத்த வீடு. இன்னைக்குக் காலைல வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. இப்ப பாருங்க, ஏறினதுல இருந்து வாயை மூடல. இத்தனை வருஷம் பேசாதவுகளுக்கு ஒரே நாள்ல இவ்வளவு பேச என்னதான் இருக்கோ, எனக்கு வெளங்கல.

முதல்ல இருந்து சொல்லுதேன். வல்லநாடு வாரதுக்குள்ள முடிச்சிருவேன்.

என் பேரு அனவரதம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வச்சிருக்கேன். எனக்குப் பூனை புடிக்காது, அதை முதல்லயே சொல்லிருதேன். இப்பவும் புடிக்காது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால ஒரு ஐப்பசி மழையில கடைக்கு ஆளு வந்து, கல்யாணத்துக்குப் பெரிய அண்டா வேணும்னாக. தூக்கிக் காட்டுனா உள்ள ஒரு குட்டி. கையளவுதான் இருக்கும். அடுப்புச் சாம்பல் நிறம். நனைஞ்சு நடுங்கிட்டுக் கெடந்தது. அண்டா வாங்க வந்தவுக சகுனம் சரியில்லைன்னு அப்படியே திரும்பிட்டாக. வந்த அன்னைக்கே ஏவாரத்தைக் கெடுத்த சவம், இதை எவனாவது வீட்டுக்குக் கொண்டு போவானா? கோமதி பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லட்டுமேன்னுதான் மடியில கட்டிக் கொண்டு போனேன். அவ ஒண்ணும் சொல்லல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

மீனாட்சின்னு ஏன் வச்சேன்னு கேப்பீக. கண்ணு. கூடைக்குள்ள பாருங்க, பைய. பச்சைக் கண்ணு, தெரியுதா? மதுரை அம்பாளுக்கு எதுக்கு அந்தப் பேரு? கயல் மாதிரிக் கண்ணு. அந்த அர்த்தத்துலதான் வச்சேன். அப்ப இந்த டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, "அண்ணாச்சி, பூனைக்குப் பேர்லயே மீனை வச்சுட்டீகளே"ன்னு ஒரு சிரிப்பு. "டீச்சரம்மா, நாங்க கண்ணைச் சொல்லுதோம், கறியைச் சொல்லல"ன்னு பதில் கொடுத்துட்டு உள்ள வந்துட்டேன். தமிழ் டீச்சர் வேற. நம்மகிட்டயே இலக்கணம் பேசுதாக.

வந்த நாள்ல இருந்து தயிர்ச்சோறுதான் சார்வாள். ஒரு முட்டை கெடையாது, ஒண்ணு கெடையாது. எங்க வீட்டுல வெள்ளி, செவ்வாய்க்கு வெங்காயமே நறுக்கமாட்டோம். அந்த வீட்டுல வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கும்? ஊர்ல உள்ள பூனை எலியைக் கண்டாப் பாயும். எங்க மீனாட்சி முன்னால எலி ஓடும், இவ பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிடுவா. ஜீவகாருண்யம். தட்டுல வைக்கிற தயிர்ச்சோத்துலயும் பாதிதான் சாப்பிடுவா. அவ்வளவு மிதமான சாப்பாடு. ஆனா உடம்பைப் பாருங்க, அந்த ரோமத்தைத் தொட்டுப் பாருங்க, எண்ணெய் தடவின மாதிரி மின்னுதா இல்லையா? கடைக்கு வாரவுகள்ட்ட எல்லாம் சொல்லுவேன், தயிர்ச்சோத்தோட மகிமை இதுதான்யான்னு.

காலைல நான் பூஜையை முடிச்சுட்டுத் திரும்பினா வாசப்படில உக்காந்திருப்பா. தலையைக் குனிஞ்சு நெத்தியை நீட்டுவா. மூணு வெரலால திருநீறு பூசிவிடுவேன். பூசுறவரைக்கும் கண்ணை மூடிட்டு அசையாம இருப்பா. பூனை கண்ணை மூடிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நெனைக்கும்னு ஒரு பழமொழி சொல்லுதாகள்லா? அதைச் சொன்னவன் பூனையே வளர்க்காதவன். இவ கண்ணை மூடுறது பக்தியில.

சரி, டீச்சர் கதைக்கு வாரேன்.

டீச்சர் நல்ல பொம்பளைதான். அவுக வீட்டுக்காரர் தவறின பொறவு தனியா இருக்காக. சொந்த ஊரு கடற்கரைப் பக்கம். அதுல நமக்கு என்ன? யார் என்ன சாப்பிட்டா நமக்கு என்ன? ஆனா மத்தியானம் சமையல் நேரம் ஆனா அந்த வீட்டுல இருந்து வறுக்கிற வாசனை கெளம்பும் பாருங்க. வாசனைங்கறது ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். நான் கடையில இருந்து சாப்பாட்டுக்கு வாரதும் அது எங்க அடுக்களைக்கு வாரதும் ஒரே நேரம். ரசத்துல கைய வச்சா மூக்குல மீன். பொறுத்துப் பார்த்தேன். பொறவு சுவருக்கு மேல தகரம் வச்சு அடிச்சுட்டேன். டீச்சர் வந்து நின்னு பாத்தாக. "காத்துக்குத் தகரம் போட முடியுமா அண்ணாச்சி?"ன்னாக. நானும் ஏதோ சொன்னேன். அவுகளும் ஏதோ சொன்னாக. அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு. கோமதிட்டயும் கண்டிச்சு சொல்லிட்டேன், அந்த வீட்டோட ஒரு சங்காத்தமும் வச்சுக்கிடக் கூடாதுன்னு. அவ என் பேச்சைத் தட்டினதே கெடையாது.

மீனாட்சி மட்டும் போவா. அதைச் சொல்லித்தான் ஆகணும். மத்தியானம் ஆனா தகரத்து மேல ஏறி அந்தப் பக்கம் குதிச்சிருவா. அங்க ஒரு வேப்பமரம் நிக்கு, நிழலுக்குப் போறா, பாவம். கொஞ்ச நேரம் கழிச்சு வருவா. வந்தான்னா நேரே உள்ள வரமாட்டா. வாசல்ல உக்காந்து கையை நக்கி, மூஞ்சியைத் தொடச்சு, காது, மீசை எல்லாம் சுத்தம் பண்ணிட்டுத்தான் படியேறுவா. வெளிய போயிட்டு வந்தா கைகால் கழுவணும்கிற ஆசாரம் இப்ப மனுசனுக்கு இருக்கா, சொல்லுங்க. அவளுக்கு இருக்கு.

எங்க தெருவுக்குத் தெனம் காலைல தூத்துக்குடில இருந்து மீன் வண்டி வரும். குட்டியானைன்னு சொல்லுவாகள்லா, அந்தச் சின்ன லாரி. ஸ்பீக்கர் கட்டி சாளை, நெத்திலி, சீலான்னு கத்திட்டே வருவான். அந்தச் சத்தம் கேட்டாப் போதும், மீனாட்சிக்கு அப்படி ஒரு வெறுப்பு. படுத்திருந்தவ விலுக்குன்னு எந்திரிச்சு, ஜன்னல் வழியா ஒரே ஓட்டமா ஓடிருவா. வண்டி தெருவை விட்டுப் போன பொறவுதான் திரும்பி வருவா.

போன மாசம் ஒரு நாள் அப்படி ஓடினவ திரும்பல.

மத்தியானம் வரல. சாயங்காலம் வரல. மறுநாள் நெத்தியை நீட்ட ஆளில்லை. நான் திருநீத்துச் சம்புடத்தைக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியைப் பாத்துட்டு நிக்கேன், கோட்டிக்காரன் மாதிரி.

கடையைப் பூட்டிட்டேன் சார்வாள். தெருத் தெருவாத் தேடினேன். சாக்கடைக்குள்ள குனிஞ்சு பாத்தேன். ஸ்கூல் மதில் மேல ஏறப் பாத்தேன், வாட்ச்மேன் திருடன்னு நெனைச்சு வெரட்டுனான். பூனை புடிக்காத மனுசன் ஏன் இப்படித் தேடினேன்னு நீங்க நெனைக்கலாம். கோமதி வருத்தப்படுதாளேன்னுதான். அவ வருத்தத்தை வெளிய காட்டமாட்டா, அப்படி அழுத்தக்காரி. நேரத்துக்குச் சமைச்சா, சாப்பிட்டா, நல்லாத் தூங்கினா. அவ படுத பாட்டை நெனைச்சு எனக்குத்தான் சோறு எறங்கல, கண்ணு மூடல.

பொறவு கோமதி போன்ல இருந்த படத்தைப் போட்டு ஒரு நோட்டீஸ் செஞ்சோம். வாசகம் நான் சொன்னேன். "காணவில்லை. பெயர் மீனாட்சி. சாம்பல் நிறம், பச்சைக் கண். சுத்த சைவம். தயவுசெய்து யாரும் மீன், முட்டை கொடுக்க வேண்டாம்." கோமதி எழுதிட்டே வந்தவ பேனாவை நிறுத்திட்டா.

"இந்தச் சைவத்தை எடுத்துருவோமா?"ன்னா.

"ஏட்டி, சாம்பல் பூனை ஊர்ல ஆயிரம் இருக்கும். சைவப் பூனை ஒண்ணுதான். அதுதானே அடையாளம்?"

"இல்ல, பாக்கவுக கொழம்பிருவாகளோன்னு..."

"இதுல கொழம்ப என்ன இருக்கு?"

எழுதிட்டா. ஊர் முழுக்க ஒட்டினோம். அவ போன்லயும் அனுப்பிவிட்டா. நாலு பக்கமும் கேட்டுப் பாத்ததுல, தூத்துக்குடிக்கு வெளிய ஒரு பிராணிகள் காப்பகம் இருக்குன்னு தெரிஞ்சது. அடிபட்ட நாய், பூனை, ரெண்டு கழுதை, எல்லாத்தையும் வச்சுப் பாக்காக. அங்க டாக்டர் ஒரு சின்னப் பிள்ளை, பொன்செல்வின்னு பேரு. அதுட்ட கோமதி போன் பண்ணி, எனக்கும் கேக்க மாதிரி வச்சா.

அந்தப் பிள்ளை சொல்லுது: "ஒரு சாம்பல் பூனை வந்திருக்கும்மா. மீன் வண்டியில ஐஸ் பெட்டிக்கு நடுவுல இருந்து குதிச்சுதாம். பின்னங்கால்ல அடி, வண்டிக்காரரே கொண்டுவந்து விட்டாரு. ஆனா நீங்க அனுப்புன படத்தைப் பாத்தேன். உங்க பூனைக்கு நெத்தியில மூணு வெள்ளைக் கோடு இருக்கு. இதுக்கு அப்படி எதுவும் இல்ல. அதோட இது மீனைத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பாக்கல. நீங்க சுத்த சைவம்னு போட்டிருக்கீங்க."

நெத்திக் கோடுன்னா என்னன்னு எனக்கு அந்நேரம் ஓடவே இல்ல. மீன்னு ஒரு வார்த்தை விழுந்ததுமே காது அடைச்சுப்போச்சு. "அப்ப நம்ம மீனாட்சி இல்ல. போனை வை"ன்னுட்டேன்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவோமே"ன்னா கோமதி.

"மீன் வண்டியில ஏறி, மீனைத் தின்னுட்டு இருக்கு. அதுல மீனாட்சிங்கறதுக்கு என்ன இருக்கு?"

அவ தகரத்தையே பாத்துட்டு நின்னா.

அதுக்குப் பொறவு ரெண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோமதிக்காகத்தான். இன்னைக்குக் காலைல பூஜையை முடிச்சுட்டு வாரேன், வாசக்கதவைத் தட்டுற சத்தம். தெறந்தா டீச்சர் நிக்காக. தகரம் போட்ட நாளைக்குப் பொறவு எங்க வாசல்ல முதல் தடவை. அவுக வணக்கம்கூடச் சொல்லல.

"அண்ணாச்சி, காப்பகத்துல இருக்கது மீனாட்சிதான். வேற ஒரு குடும்பம் கேட்டிருக்காம், இன்னைக்கு வந்து கொண்டுபோயிருவாகளாம். கெளம்புங்க"ன்னாக.

"அது மீன் திங்குதாம் டீச்சரம்மா."

"பசிச்சாத் திங்காதா? ஊருக்குப் போன எடத்துல கெடச்சதைத்தான் சாப்பிடணும்."

"அது மீனாட்சிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் என் தோளுக்குப் பின்னால ஒரு பார்வை பாத்தாக. "என் மனசு சொல்லுது"ன்னாக.

காப்பகத்துக்குப் போன் பண்ணின சங்கதி இவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பாக்கேன். சுவரு மெல்லிசு, தகரம் அதை விட மெல்லிசு. என்ன கூர்மையான காது! நான் திரும்பிப் பார்க்கதுக்குள்ள கோமதி பச்சைச் சேலை கட்டி, கூடையும் கையுமா நிக்கா. "ஜெசிந்தாக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும், வாங்க"ங்கா. அக்கான்னுட்டா! பதட்டத்துல மனுசனுக்கு உறவுமுறைகூடத் தானா வந்துருது பாத்தீகளா.

இந்தா, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டைதான் வந்திருக்கு. வல்லநாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு.

காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசல்ல ஒரு கார் நிக்கு. புதுசாக் கல்யாணம் ஆன ரெண்டு பேரு, கையில பளபளன்னு ஒரு பூனைப் பெட்டி. உள்ள மெத்தையெல்லாம் போட்டிருக்கு. அந்தப் பெட்டி முன்னால நம்ம வயர் கூடையைப் பாத்தா யாருக்கும் இங்க வரத் தோணாது.

டாக்டர் பிள்ளை கூண்டைத் தெறந்துவிட்டுது. ஒரு சாம்பல் பூனை காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வெளிய வந்தது. மெலிஞ்சு, அழுக்கா, நெத்தி வெறிச்சோன்னு. எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம். பக்கத்துல ஒரு தட்டுல முள்ளும் தலையுமாக் கெடந்தது, நான் அந்தப் பக்கம் பாக்கல. பூனை எங்க மூணு பேரையும் பாத்தது. பாத்துட்டு, என்னைத் தாண்டி, கோமதியைத் தாண்டி, நேரா ஓடி டீச்சர் காலைச் சுத்தோ சுத்துன்னு சுத்துது. மடியில ஏறப் பாக்குது. டீச்சர் கண்ணைத் தொடச்சுக்கிடுதாக.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. என்கிட்ட வர வெக்கம். சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டுப் போயிட்டோமேங்கிற வெக்கம். மூணாம் மனுசர்ட்டன்னா அந்தக் கூச்சம் இருக்காதுல்லா.

கொண்டுபோன தூக்குவாளியைத் தெறந்து தயிர்ச்சோத்தை எடுத்து வச்சேன். "மீனாட்சி, வாட்டி"ன்னேன். வந்தது. மோந்து பாத்தது. திரும்பிப் போயிட்டுது.

டாக்டர் பிள்ளை பையச் சொல்லுது, "சார், தப்பா நெனைக்காதீங்க. இது உங்க பூனை மாதிரித் தெரியல. இந்தம்மாவோடதுன்னா நம்பலாம்."

"ஐயையோ, எங்க வீட்டுப் பூனை இல்லம்மா!"ன்னுட்டாக டீச்சர். ஒரு பொய் சொல்லியிருந்தா அவுகளே வாங்கிட்டு வந்திருக்கலாம். நேர்மையைப் பாருங்க.

"அப்ப இவங்களுக்குக் குடுத்திரட்டுமா சார்? ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க"ன்னு அந்தப் பிள்ளை கேக்குது. அந்தப் பையன் பெட்டிக் கதவைத் தெறந்துட்டான். கோமதி என் கையைப் புடிச்சா. இல்ல, நான்தான் அவ கையைப் புடிச்சேனோ என்னமோ.

சார்வாள், நான் எங்க அப்பா காரியத்துலகூட நாலு பேரு முன்னால அழுதவன் இல்ல. அங்க அழுதுட்டேன். வெக்கமில்லாமச் சொல்லுதேன், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுட்டேன். இந்தப் பிள்ளை இல்லாம எனக்கு வீடு வீடா இல்ல. காலைல பூஜை பூஜையா இல்ல. கடையில உக்காந்தா ஒவ்வொரு அண்டாவாக் குனிஞ்சு பாக்கேன். கோமதிக்காகன்னு சொன்னதெல்லாம் அந்த நேரத்துல எனக்கு மறந்துபோச்சு.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். கண்ணைத் தொடைக்கத் துண்டை எடுக்கையில மடியில இருந்து திருநீத்துச் சம்புடம் உருண்டு விழுந்தது. மூடி தெறந்து கொஞ்சம் கொட்டிப்போச்சு. அதைக் கூட்டி எடுக்கலாம்னு மூணு வெரலை வச்சேன்.

டீச்சர் காலடியில இருந்தவ திரும்பினா. காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வந்தா. வந்து எனக்கு முன்னால உக்காந்தா. தலையைக் குனிஞ்சு நெத்தியை நீட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டா.

பூசிவிட்டேன். கோடு கோணல்மாணலா விழுந்தது. பூசி முடியிறவரைக்கும் அசையல.

டாக்டர் பிள்ளை போன்ல படத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தது. அதைப் பாத்தது, இவளைப் பாத்தது, என் நெத்தியைப் பாத்தது. "ஐயோ சார், இது திருநீறா!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டுது. "நான் பிறவியிலயே உள்ள கோடுன்னு நெனைச்சு, அழுக்குல மறைஞ்சிருக்கோன்னு இந்தப் பூனையோட நெத்தியைத் தண்ணி தொட்டுத் தொடச்செல்லாம் பாத்தேனே!" கார்ல வந்த அந்தப் பொண்ணு இருக்கே, அது அழுதுட்டே பெட்டியை மூடிட்டுது. "அவங்களோடதுதான். குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு என்னைக் கும்பிட்டுது. மகராசி, நல்லா இருக்கணும். அவுகளுக்கு வேற ரெண்டு குட்டியைக் காட்டுனாக. சந்தோசமாத்தான் போனாக.

இவ எப்படி மீன் வண்டிக்குள்ள போனான்னு கேக்குதீகளா? நானும் யோசிச்சேன். வெயில் என்ன வெயில்! ஐஸ் பெட்டி குளுமையா இருந்திருக்கும். செத்த நேரம் படுத்துக்கிடுவோம்னு ஏறியிருப்பா. வண்டியை எடுத்துட்டான் படுபாவி.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். இனிமேத்தான் சள்ளையே.

கெளம்புறப்போ அந்தப் பிள்ளை என்னைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லுது: "சார், பூனைக்குன்னு ஒரு சத்து இருக்கு. அது மீன்லயும் கறியிலயும்தான் கெடைக்கும். வெறும் தயிர்ச்சோறுன்னா அதுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வந்து பார்வையே போயிரும்."

"பருப்புல கெடைக்காதாம்மா?"

"கெடைக்காது சார்."

"முருங்கைக்கீரை? எங்க வீட்டுலயே நிக்கு."

"எந்தக் கீரையிலயும் கெடைக்காது சார்."

"பால்ல செய்யிற பன்னீர்?"

அது தலையை ஆட்டிட்டுது.

வேற எது போகும்னு சொன்னாலும் தாங்கியிருப்பேன். கண்ணு! நீங்களே சொல்லுங்க, மீனாட்சின்னு பேரு வச்சுட்டுக் கண்ணு போக விட்டா என்னை விடப் பாவி எவன் இருப்பான்? மதுரைப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்க முடியுமா?

பொறவு எனக்கு ஒரு சந்தேகம் வந்துட்டுது. கேட்டுட்டேன். "ஏம்மா, அப்ப இத்தனை வருஷமா ஒரு துளி மீன்கூட இல்லாம இவ கண்ணு எப்படி இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?"

நல்ல கேள்விதானே? கோமதி கூடைக் கயித்தை அவுத்து அவுத்துக் கட்டுதா. டீச்சர் கண்ணாடியைக் கழட்டி முந்தானையால தொடைக்காக, தொடைக்காக, தொடச்சு முடியல. அந்தப் பிள்ளை இவுக ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு அண்ணாந்து வானத்தைப் பாக்குது. படிச்ச பிள்ளைக்கே பதில் தெரியல.

"அம்பாள் கிருபை. வேற என்ன?"ன்னேன் நான்.

"கிருபைதான் சார், சந்தேகமே இல்ல"ன்னு அந்தப் பிள்ளையும் ஒத்துக்கிட்டுது.

ஆனா கிருபையையே நம்பிட்டு இருக்க முடியாதுல்லா? டாக்டர் சொன்ன பொறவு கொடுத்துத்தான் ஆகணும். மருந்துதானே. கஷாயத்துல எது எதையோ போடுதான், நாம கேட்டுக்கிட்டா குடிக்கோம்? டீச்சர் சொன்னாக, "நீங்க சிரமப்படாதீக அண்ணாச்சி. மத்தியானம் எங்க வீட்டுக்கு அனுப்பி விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்"ன்னு. பெரிய மனசு. தகரம் அடிச்சவன்கிட்ட யாரு இப்படிச் சொல்லுவா? அந்தத் தகரத்தை நாளைக்கே புடுங்கிருவேன், இவ கால் ஆறுறவரைக்கும் ஏறிக் குதிக்கக் கூடாதாம். சுவர்ல ஒரு சின்ன வாசல் வச்சுரலாம்னு கோமதி சொல்லுதா. பூனைக்கு வைக்கிற வாசல் எதுக்குக் கோமதி உசரத்துக்கு இருக்கணும்னுதான் எனக்கு வெளங்கல.

ஆனா மருந்து என் கையாலதான். அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். என் பிள்ளைக்குக் கண்ணு மருந்தை அடுத்த வீட்டுல போய்ச் சாப்பிடுன்னு அனுப்புவனா? கடையில இருந்து ஒரு புதுச் சட்டி எடுத்துருவேன். கொல்லையில தனியா ஒரு அடுப்பு. முடிஞ்சதும் ஒரு முழுக்குப் போட்டுட்டு உள்ள வந்துட்டாப் போச்சு.

நீங்க தூத்துக்குடிதானே சார்வாள்? சாப்பிடுவீகள்லா? அதான், உக்காந்ததுல இருந்தே கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். டீச்சர்ட்ட கேட்டா எளக்காரமாப் போயிரும். கோமதிட்ட கேக்கலாம்னா அவளுக்கு என்ன தெரியும், என்னை மாதிரித்தான். நெத்திலின்னு ஒண்ணு இருக்குல்லா? அதை அவிக்கையில உப்புப் போடணுமா, போடக்கூடாதா? முள்ளை முதல்லயே எடுக்கணுமா, இல்ல வெந்த பொறவா? தலையைக் கிள்ளிரணும்னு வாரப்போ கோமதி என்னமோ சொன்னா, எங்கயோ கேட்டிருப்பா போல. அது நெசந்தானா?

பையச் சொல்லுங்க, பையச் சொல்லுங்க. கூடைக்குள்ள முழிச்சுட்டுத்தான் இருக்கா. இந்த மாதிரிப் பேச்செல்லாம் இன்னைக்கு வரைக்கும் கேட்டே அறியாத பிள்ளை.